காற்றுக்கு விட்டாச்சு

வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று மனைவிக்குத் தெரிவிக்கப் புருஷன்மாருக்கு ஆயிரம் வழி உண்டு. அந்த வீட்டில் இருந்த வழி கொஞ்சம் அலாதியானது. நூற்றெண்பது அடி உயரத்தில் ஓர் இரும்புக் கை மெதுவாகத் திரும்பும். அதைப் பார்த்துவிட்டு அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து உலை வைப்பாள்.

அவருக்குக் கிரேன் ஓட்டும் வேலை. அவளுக்கு லாட்ஜில் விரிப்பு துவைத்துக் காயப்போடும் வேலை. லாட்ஜில் இருபத்தெட்டு அறைகள். அறைக்கு இரண்டு விரிப்பு, இரண்டு தலையணை உறை. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் மொட்டை மாடியில் ஒன்பது கொடிகளில் எப்போதும் வெள்ளைத்துணி ஆடிக்கொண்டிருக்கும். படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளைக் குடியிருக்கக் கொடுத்திருந்தார் லாட்ஜ் முதலாளி. பிள்ளை குட்டி இல்லை. இருபது வருஷமாக ஒருவருக்கு ஒருவர்தான்.

ஊரில் அவர் எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் மாடியிலிருந்து கிரேன் தெரியும். இப்போது மேற்குச் சுவரோரம் நின்றால் நாலு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடமும் அதை ஒட்டி நின்ற கிரேனும் தெரியும். காலை ஆறு மணிக்கு ஏறுகிறவர் மத்தியானம் மேலேயே இரண்டு துண்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டு, ஐந்து மணிக்கு மேல் இறங்கி வந்துதான் சுடுசோறு சாப்பிடுவார். இறங்குவதற்கு முன் கடைசியாகச் செய்கிற காரியம், கிரேனைக் காற்றுக்கு விடுவது. அந்த இரும்புக் கையைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். தளர்த்திவிட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கை தானே திரும்பிக்கொள்ளும். ஏணியில் இறங்க அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம், நடந்து வரப் பதினைந்து நிமிஷம். கை திரும்பினதும் உலை வைத்தால் அவர் கால் கழுவும்போது சோறு வடித்து இருக்கும்.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள், அவ்வளவு பெரிய இரும்பைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிட்டு வருகிறீர்களே, பயமாக இல்லையா என்று. அவர் ஒரு ஈர விரிப்பை எடுத்து இரண்டு கொடிகளுக்கு நடுவே நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினார். காற்று வந்ததும் விரிப்பு வயிறு புடைத்து, கொடிக்கம்பமே வளைந்தது. பிறகு மூன்று முடிச்சை அவிழ்த்தார். ஒரே முனையில் தொங்கிய விரிப்பு படபடவென்று பறந்ததே தவிர கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இவ்வளவுதான் விஷயம். குறுக்க நின்னாத்தான் தள்ளும். திரும்பிக் குடுத்துட்டா அது பாட்டுக்குப் போயிடும்" என்றார்.

அதையே அவள் பிற்பாடு பல தடவை அவரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறாள், அவர் வீம்பு பிடிக்கிறபோதெல்லாம்.

கீழே நின்று அவருக்குச் சைகை காட்டுகிறவர் கொடிக்காரர். அந்தக் காலத்தில் பச்சைக்கொடி சிவப்புக்கொடி காட்டிக்கொண்டிருந்தவர். இப்போது கையில் வாக்கி டாக்கி வந்துவிட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் கிரேன்காரர் அவருக்கு மாப்பிள்ளை. தினமும் வேலை முடிகிற நேரத்தில், "மாப்ளே, காத்துக்கு விட்டாச்சா?" என்று கேட்பார். "விட்டாச்சுண்ணே" என்று பதில் வரும். அதைப் பையில் இருக்கிற சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, "தங்கச்சி உலை வச்சிருக்கும், ஓடு" என்பார். பதினோரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

சண்டை வந்தது அந்த வாக்கி டாக்கியால்தான்.

ஒருநாள் மேலே உட்கார்ந்துகொண்டு கிரேன்காரர் சொன்னாராம்: "ஏறினா நீங்க சொல்றதைக் கேக்கணும், எறங்கினா வீட்டுக்காரி சொல்றதைக் கேக்கணும். நடுவுல இருக்கிற ஏணிதான்ணே எனக்குச் சொந்த வீடு." வேலையிடத்தில் இருந்த எல்லா வாக்கி டாக்கியிலும் அது கேட்டுவிட்டது. கம்பி கட்டுகிறவர்கள் முதல் காவல்காரர் வரை சிரித்தார்கள். கொடிக்காரரின் மனைவி கடைத்தெருவில் அவளைப் பார்த்தபோது, சிரிப்பு மாறாமல், "உன் புருஷன் ஏணிக்கு வாடகை குடுக்கிறாராமே" என்று கேட்டுவைத்தாள். இவள் அக்கா என்று கூப்பிடுகிறவள், வேடிக்கையாகத்தான் கேட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் நேரம் பார்த்து உலை வைத்தவள் நான், ஊர் சிரிக்கவா என்று நினைத்தாள். அன்று மாலையிலிருந்து பேச்சை நிறுத்தினாள்.

அவளுடைய மௌனம் முழு மௌனம் இல்லை. பாத்திரத்தோடு பேசுவாள். "சோறு வச்சிருக்கு, வேணுங்கிறவங்க போட்டுக்கலாம்" என்று கரண்டியிடம் சொல்வாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "உப்பு யாரோ ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று சுவரிடம் புகார் செய்வார். இப்படி இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் இருவருக்குமே அலுத்துவிட்டது. யார் முதலில் என்பதுதான் பாக்கி.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் முழுக்க ஒரு இலை அசையவில்லை. பிழிந்த துணி காயவே இல்லை. நாலு மணிக்கு மேல் மேற்கே ஆற்றுப் பக்கம் வானம் ஈயம் மாதிரி கறுத்தது. அவள் மாடியில் விரிப்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரமும் காற்று எழும்பலாம். கிரேனைப் பார்த்தாள். கை வடக்கே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பத்து நாளைக்கு முன் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதி அந்தக் கையில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். காற்றடிக்கிற நேரத்தில் இது பாய்மரம் மாதிரி நிற்குமே என்று கிரேன்காரர் இன்ஜினியரிடம் சொல்லிப் பார்த்தார். தூரத்திலிருந்து தெரிய வேண்டாமா என்றார் இன்ஜினியர். வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கீழே வந்தாள். உலை வைக்கவில்லை.

ஆனால் நாலரை மணிக்கெல்லாம் அவர் வாசலில் நின்றார்.

 அவர் கால் கழுவினார். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். புதுத் துணிக் கிளிப்புகள், இரண்டு டஜன், நீல நிறம். பழைய கிளிப்புகள் வாய் தளர்ந்துவிட்டன என்று அவள் போன மாசம் ஒருமுறை சொன்னதோடு சரி. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வாங்கி வந்திருக்கிறார். சீக்கிரமாக இறங்கி வந்ததும் அதற்காகத்தான் என்று புரிந்தது. அவளுக்கு உள்ளே எல்லாம் இளகிவிட்டது. முகத்தை மட்டும் இளகவிடவில்லை.

"உலை இப்பத்தான் வைக்கணும். சொல்லாம கொள்ளாம வர்றவங்க காத்திருக்கட்டும்" என்றாள் பானையைப் பார்த்து.

"எவ்வளவு காத்தடிச்சாலும் பிடிச்சுக்குமாம். கடைக்காரர் சொன்னார்" என்றார் அவர், கிளிப்புப் பொட்டலத்தைப் பார்த்து.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அரிசி களைந்தாள். அப்போதுதான் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. காற்று வந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

ஒன்பது கொடியிலும் விரிப்புகள் கிழக்கே ரயில் பாதைப் பக்கம் நீட்டி நின்று விடைத்தன. பிடித்து இழுக்கும்போது ஆளையே சேர்த்துக்கொண்டு போகப் பார்த்தன. கூடையை நிறைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் கிரேனைப் பார்த்தாள்.

துணியெல்லாம் ரயில் பாதையைப் பார்த்தது. கிரேனின் கை தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு குறுக்கே நின்றது. பலகை காற்றை முழுசாக நெஞ்சில் வாங்கிக்கொண்டிருந்தது. கையின் நுனி நடுங்குவது நாலு தெரு தள்ளி அவள் கண்ணுக்கே தெரிந்தது.

அவள் கீழே வந்தாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கை இன்னும் திரும்பலையே, ஏன்? நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டால் முதலில் பேசினவள் அவள் ஆகிவிடுவாள். கிளிப்பு வாங்கி வந்தவர் வாயையும் திறக்கட்டுமே, இன்னும் ஐந்து நிமிஷத்தில் பேசிவிடுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம். அவருக்குத் தெரியாத வேலையா. வேறு யாரையாவது மேலே ஏற்றியிருப்பார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சமாதானம் சொல்லிக்கொண்டு விரிப்பு மடிக்க உட்கார்ந்தாள்.

ஒன்று மடித்தாள். இரண்டு. மூன்று. நாலாவதை மடித்து அடுக்கிவிட்டு ஐந்தாவதன் ஓரத்தைப் பிடித்தபோது சத்தம் கேட்டது. இடி மாதிரி ஆரம்பித்து, இடி மாதிரி முடியாமல், இரும்பு இரும்பை அறுக்கிற சத்தமாக நீண்டுகொண்டே போனது. அவர் எழுந்து ஓடினார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் தகரம் கிழித்த காயம். நின்றபடியே சொன்னார்.

"அண்ணன் போயிட்டாரு."

மூன்று நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

சங்கிலிகளைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாமான் கொட்டகையில் மழை வரும் என்று ஒதுங்கி டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் கொடிக்காரர். இவரைச் சீக்கிரம் அனுப்பினவரே அவர்தான். மிச்ச வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தங்கச்சியிடம் சமாதானம் ஆகு என்று சொன்னாராம். கொட்டகையில் அப்போது வேறு யாரும் இல்லை. அதை எல்லாரும் ஒரு ஆறுதல் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

விசாரணை வந்தது. கம்பெனி சொன்னது, பலகை அனுமதித்த அளவுக்கு உட்பட்டது, பிரேக் தளர்த்தப்பட்டிருக்காது என்று. தொழிலாளர் சங்கம் சொன்னது, பலகையால்தான் விழுந்தது என்று. ஓட்டுகிறவர் உட்காரும் கூண்டு தரையோடு தரையாக நசுங்கிவிட்டதால் எது எந்த நிலையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கிரேன்காரர், நான் விட்டுட்டுத்தான் இறங்கினேன் என்றார். கொடிக்காரரின் சட்டைப்பையில் இருந்த நோட்டும் அதையே சொன்னது. கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, அவருடைய குண்டு குண்டான எழுத்தில்: மாலை 4.00. காற்றுக்கு விட்டாச்சு.

வீட்டில் அவர்கள் இப்போது நிறையப் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வருகிறதா, வெயில் அடிக்கிறதா, காயத்துக்கு மருந்து போட்டாயா. கரண்டியும் சுவரும் நடுவில் தேவைப்படவில்லை. அந்த ஒன்றை மட்டும் இருவரும் தொடவில்லை. வேலை நின்றுபோயிருந்தது. அவர் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாடிக்கு மட்டும் வரவே இல்லை. நீலக் கிளிப்புப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மேசைமேலேயே இருந்தது.

இரண்டாவது வாரம் கொடிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அக்கா இளைத்துப் பாதியாகிவிட்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய மழைக்கோட்டு தொங்கியது. அக்கா இருவருக்கும் டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பெனி ஆள் ஒருவன் வந்து, உன் புருஷனைக் கொன்றது கிரேன்காரன்தான் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

"நான் நம்பலடி. எங்க வீட்டு மனுஷன் ஒரு நாளைக்கு நூறு தடவை மாப்ள மாப்ளன்னு சொல்லும். சோத்துல உக்காந்தாலும் அவர் பேச்சுதான். அந்த மாப்ள கையாலயே இது நடந்துச்சுன்னா நான் எதை நினைச்சுக்கிட்டு உசிரோட இருக்கிறது?"

 அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தினம் மாடியிலேர்ந்து பாப்பியே. கை திரும்பினாத்தான் தங்கச்சி உலை வைக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அன்னிக்குத் திரும்புச்சாடி?"

கிரேன்காரர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது.

"திரும்புச்சுக்கா" என்றாள் அவள். "நான் பாத்தேன்."

அக்கா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தனை நாளும் அழாமல் இருந்தவள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

வரும் வழியில் அவர் கொஞ்சம் முன்னால் நடந்தார். ரயில் பாதையைத் தாண்டின பிறகு நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"பாத்தியா?"

"ம்."

"எப்ப?"

"துணி எடுக்கப் போனப்ப. குறுக்க நின்னுச்சு."

"நான் அப்ப வீட்டுலதானே இருந்தேன்."

"இருந்தீங்க."

"அதுக்கப்புறம் எவ்வளவு நேரம்?"

"நாலு விரிப்பு மடிச்சேன்."

நாலு விரிப்பு மடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ நாள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே மடித்திருக்கிறார். பாதையோரத்துச் சின்னச் சுவரில் உட்கார்ந்தார்.

"ஒரு போன் பண்ணிருந்தாப் போதும். அண்ணன் கொட்டகையை விட்டு வெளிய வந்திருப்பாரு." உள்ளங்கைக் காயத்தைப் பார்த்தபடி, "சொல்லிருக்கலாமே" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நாம பேசிக்கிறதில்லையே" என்றாள்.

ஒரு சரக்கு வண்டி போனது.  வண்டி கிளப்பிய காற்றில் அவள் சேலை பின்னால் இழுத்தது.

"அண்ணன் கேட்டாரு. விட்டாச்சுன்னு சொன்னேன்" என்றார். "பொய் சொல்லணும்னு சொல்லல. பதினோரு வருஷமா சொல்ற வாய், அது பாட்டுக்குச் சொல்லிடுச்சு. உன்கிட்ட வந்து என்ன பேசறதுன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டப்பதான், என் கை பிரேக் பக்கம் போனதா ஞாபகமே இல்லைன்னு..." முடிக்கவில்லை. பிறகு, "நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லிடறேன்" என்றார்.

"அக்கா கேட்டாங்களே, எதை நினைச்சுக்கிட்டு உசிரோட இருக்கிறதுன்னு. அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?"

  எழுந்து நடந்தார்கள்.

மறுநாள் அவர் எங்கேயும் போகவில்லை. அக்காதான் சும்மா இருக்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது என்று சங்கத்தில் சொல்ல, சங்கத்தார் விசாரணை அதிகாரியிடம் சொல்ல, அந்த வாரமே அவர் லாட்ஜ் மாடிக்கு வந்துவிட்டார். மெலிந்த மனிதர். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு வாங்கலோடு, எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டார். காட்டினாள். நாலு தெரு தள்ளி முடியாத கட்டடம் மட்டும் நின்றது. அதற்குப் பக்கத்தில் வெறும் வானம்.

"எந்தப் பக்கமாத் திரும்பினதும்மா?"

அவள் கையை நீட்டி ரயில் பாதைப் பக்கம் காட்டினாள்.  அதிகாரி எழுதிக்கொண்டார். அப்படியானால் பலகைதான் காரணம், மாட்டச் சொன்ன இன்ஜினியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அந்த இன்ஜினியரை அவள் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். சின்ன வயசு. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கொடிக்காரர் சொல்லியிருந்தார். பலகை மாட்டியது அவர் குற்றம்தான். ஆனால் அது முழுக் குற்றம் இல்லை. மிச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் பேனாவை வாங்கி, அதிகாரி காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி போன பிறகு அவள் வேலையைத் தொடர்ந்தாள். துவைத்த துணி வாளியில் இருந்தது. பழைய கிளிப்பு இரண்டு உடைந்து போயிருந்தன. கீழே போய், மேசைமேல் இருந்த பொட்டலத்தை எடுத்து வந்து பல்லால் கடித்துப் பிரித்தாள். நீலக் கிளிப்பு ஒவ்வொன்றும் விரலைக் கடிக்கிற மாதிரி இறுக்கமாக இருந்தது.

படியில் காலடி கேட்டது. அவர் வந்திருந்தார், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக. மேற்குப் பக்கம் பார்க்கவில்லை. நேராக வாளிக்கு வந்து, ஒரு விரிப்பின் ஒரு முனையை எடுத்து அவளிடம் கொடுத்தார். மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழைய வழக்கம்தான். இருவருமாக உதறி, அவள் கொடியில் போட்டுக் கிளிப்பு மாட்டினதும் அவர் தன் முனையை விட்டுவிடுவார்.

அவள் இரண்டு கிளிப்பு மாட்டினாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று கிளம்பி வந்தது. விரிப்பு வயிறு புடைத்தது. கொடிக்கம்பம் வளைந்தது. நல்ல கிளிப்பு, கடைக்காரர் சொன்னபடி பிடித்துக்கொண்டது. விரிப்புதான் நடுவில் நூல் நூலாகத் தெறிக்க ஆரம்பித்தது.

"கிழியுதுங்க. விடுங்க" என்றாள்.

"விட்டாச்சு" என்றார் அவர்.

அவர் கை விடவில்லை. ஆறாத காயம் திறந்து வெள்ளைத்துணியின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். அவள் அருகே போய், ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.